கேரட் ஆரஞ்சு ஜூஸ்: மிக்சியா, ஜூஸரா, கோல்ட் பிரஸ்ஸா?

போன மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாள் ஒரே பஞ்சாயத்து. வீட்டுக்காரர், மெதுவாக நசுக்கிப் பிழிகிற கோல்ட் பிரஸ் ஜூஸர் ஒன்றைப் போனில் கார்ட்டில் போட்டு வைத்துக்கொண்டு, "9,000 ரூபாய்தான், ஞாயிற்றுக்கிழமையோட ஆஃபர் முடியுது" என்று காலையில் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். ஆசை எங்கே பிடித்தது என்று விசாரித்தால், தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கேரட்டும் ஆரஞ்சும் சேர்த்து அடித்த ஜூஸ் குடித்திருக்கிறார், 50 ரூபாய், நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிலும் மாந்தோப்பாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நாக்பூரிலிருந்து வருகிற பழத்துக்கு இவ்வளவு ஆசையா என்று கேட்டேன். மாம்பழம் வருஷத்தில் மூன்று மாதம்தானே, மீதி ஒன்பது மாதம் என்ன குடிப்பது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவ்வளவு பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கிருஷ்ணகிரியில் இருக்கிற அக்காவிடம் வேகமாகச் சுற்றுகிற பழைய மாடல் ஜூஸர் ஒன்று பரண் மேல் கிடக்கிறது, மிக்சியோடு சேர்ந்து வந்தது. ஓசூரில் நாத்தனாரிடம் கோல்ட் பிரஸ் இருக்கிறது. பாலக்கோட்டில் அம்மாவிடம் இருப்பதோ விலையில்லா மிக்சி, 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்ததே, அதுதான். அதில் இரண்டு தடவை கப்ளர் மாற்றியாகிவிட்டது, இன்னும் ஓடுகிறது. அக்கா வீட்டில் எல்லோரும் கூடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. நாத்தனார் தன் மெஷினைக் காரில் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள், அம்மா மிக்சியை ஒரு கட்டைப்பையிலும் வடிகட்டுவதற்கென்று துவைத்து மடித்த பழைய வேட்டித் துணியைக் கையிலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆக, ஒரே அடுப்படியில் மூன்று மெஷின், ஒரே கேரட், ஒரே ஆரஞ்சு. அளப்பதற்கு அக்கா வீட்டில் குழந்தைக்குப் பால் கலக்கின அளவு பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது.

கேரட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மெஷினைவிட இதில்தான் ருசி பாதி தீர்மானமாகிறது. நமக்கு ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் விளைகிற கேரட்டும் வருகிறது, ஊட்டிக் கேரட்டும் வருகிறது. உழவர் சந்தையில் காலையில் போனால் மண் காயாத கேரட்டாகவே கிடைக்கும். எங்கே விளைந்தது என்பதைவிட எப்போது பிடுங்கினது என்பதுதான் ஜூஸுக்கு முக்கியம். கையில் எடுத்து ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் அதைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேரட்டில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் போய்விட்ட கேரட்டில் எந்த மெஷினாலும் சாறு எடுக்க முடியாது. தலைப் பக்கம் பச்சையாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள், கசக்கும். தோல் சீவ வேண்டியதில்லை, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும்.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பக்கம் இருக்கிற வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. சித்திரை வைகாசியில் வீட்டு மூலையில் வைக்கோல் போட்டு மாங்காய் பழுக்க வைத்திருப்போம், பக்கத்திலேயே காய்கறிக் கூடையும் இருக்கும். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பட்டால் கேரட் சில நாளில் கசக்க ஆரம்பித்துவிடும். போன வருஷம் இரண்டு தடவை கேரட் கசக்கிறது என்று காய்கறிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, எங்கள் வீட்டு மாம்பழம் செய்த வேலை அது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஆப்பிள், மாம்பழத்தோடு ஒரே டிரேயில் வைக்காதீர்கள்.

சரி, சோதனைக்கு வருகிறேன். ஆளுக்கு அரை கிலோ கேரட்.

அக்காவின் வேக ஜூஸர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற ரகம். மேலே குழாயில் கேரட்டைப் போட்டு அமுக்கினால் உள்ளே பல் வைத்த தட்டு துருவும், சுற்றுகிற வேகத்தில் சாறு வலை வழியாக வெளியே தெறிக்கும், சக்கை பின்னால் டப்பாவில் விழும். ஒரு நிமிஷத்துக்குள் அரை கிலோவும் முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம்! தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாட்டிலில் ஊற்றினால் 210 மில்லி, அதில் மேலே விரற்கடை அளவு நுரை. நுரை அடங்கினதும் 190-ல் நின்றது. சக்கை டப்பாவைத் திறந்து பார்த்தால் சொதசொதவென்று இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா, அள்ளித் துணியில் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினார், இன்னொரு 30 மில்லி வந்தது. அந்த மெஷின் எதை விட்டுவிடுகிறது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

நாத்தனாரின் கோல்ட் பிரஸ் நேர் எதிர். நிமிடத்துக்கு 40-லிருந்து 80 சுற்று வரைக்கும்தான் இந்த வகை மெஷின்கள் சுற்றும், உள்ளே இருக்கிற திருகு கேரட்டைக் கடித்து நசுக்கிப் பிழிகிறது, செக்கில் எண்ணெய் ஆட்டுகிற மாதிரிதான். அதனால்தான் சத்தமே இல்லை, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே ஓட்டலாம். ஆனால் கேரட்டை விரல் நீளத்துக்கு, விரல் பருமனுக்கு வெட்டிக்கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் போட வேண்டும், அவசரப்பட்டு நாலு துண்டைச் சேர்த்துப் போட்டால் சிக்கிக்கொள்ளும். எனக்கு ஒரு தடவை சிக்கியது, ரிவர்ஸ் பட்டனை அழுத்தி விடுவித்தாள். வெட்டுகிற நேரம் போக மெஷினில் மட்டும் 8 நிமிஷம் ஆனது. 270 மில்லி வந்தது, நுரை பேருக்குத்தான் இருந்தது, நிறமும் நன்றாக அடர்த்தி. சக்கை மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. அம்மா அதையும் துணியில் போட்டு முறுக்கிப் பார்த்தார், நாலு சொட்டுகூட வரவில்லை. "இது பரவாயில்லையே" என்றார். அம்மா வாயிலிருந்து ஒரு மெஷினுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அப்புறம் அம்மாவின் முறை. கேரட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சட்னி ஜாரில் இரண்டு தவணையாகப் போட்டு, மொத்தமாக 150 மில்லி தண்ணீர் விட்டு விழுதாக அரைத்து, வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்தார். எல்லாம் சேர்த்து 370 மில்லி, ஊற்றின தண்ணீரைக் கழித்தால் 220. வேக ஜூஸரைவிடக் கூட, கோல்ட் பிரஸ்ஸைவிட 50 மில்லி குறைச்சல். தண்ணீர் சேர்ந்ததால் ருசி இளகலாக இருக்கும்தான், மறைக்க ஒன்றுமில்லை. அதற்கு அம்மாவிடமே ஒரு வழி இருக்கிறது: தண்ணீருக்குப் பதில் ஆரஞ்சுச் சாறையே ஊற்றி கேரட்டை அரைத்துவிடுவது. எப்படியும் இரண்டையும் கலக்கத்தானே போகிறோம்! இது தெரிந்ததும் மிக்சிக்கு எதிராக இருந்த பெரிய குற்றச்சாட்டே விழுந்துவிட்டது. ஜார் காரம் பிடித்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிளகாய்ச் சட்னி அரைத்த ஜாரில் அரைத்தால் ஜூஸ் ரசமாகிவிடும். ஜூஸுக்கும் பாலுக்கும் ஒரு ஜாரைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

கேரட்டில் வித்தியாசம் இவ்வளவுதான் என்றால், ஆரஞ்சில் கதையே வேறு. யாரும் மெஷின் விற்கும்போது சொல்லாத விஷயம் இது. கேரட்டும் ஆரஞ்சும் ஒரே வழியில் சாறு எடுக்க வேண்டிய பொருள்களே இல்லை. கேரட்டை அரைத்தோ நசுக்கியோ சித்திரவதை செய்தால்தான் சாறு விடும். ஆரஞ்சு தொட்டாலே விட்டுவிடும், அதை மெஷினில் போட்டு வதைத்தால் விதையும் வெள்ளைத் தோலும் சேர்ந்து நசுங்கும். அந்த விதையிலும் வெள்ளைத் தோலிலும் லிமோனின் என்ற கசப்புக்கு மூலமான பொருள் இருக்கிறது, அது பிழிந்த உடனே தெரியாது, சாற்றின் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசப்பாக மாறும். அதனால்தான் காலையில் போட்ட ஆரஞ்சு ஜூஸ் மத்தியானம் கசக்கிறது. விதையே இல்லாத, இறக்குமதியாகிற நேவல் ஆரஞ்சில்கூட இந்தக் கசப்பு வரும், வைத்திருந்தால் அதில்தான் சீக்கிரம் வரும்.

அன்றைக்கு இதையும் பார்த்தோம். கோல்ட் பிரஸ்ஸில் தோல் உரித்த சுளைகளை விதையோடு போட்டாள் நாத்தனார், வேக ஜூஸரிலும் அப்படியே, மிக்சியில் விதை எடுத்துவிட்டு அடித்தோம், நாலாவதாக நான் இரண்டு பழத்தைக் கையாலேயே பிழிந்தேன். உடனே குடித்தபோது நாலும் நன்றாகத்தான் இருந்தன. சாப்பாடு முடித்து இரண்டு மணி நேரம் கழித்து ருசி பார்த்தால், விதையோடு போன இரண்டும் நாக்கின் அடியில் கசந்தன, வேக ஜூஸரில் கொஞ்சம் கூடுதலாகவே. கையால் பிழிந்தது மட்டும் காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

கையால் பிழிவதிலும் பழத்தைப் பார்க்க வேண்டும். சாத்துக்குடி, இறக்குமதி ஆரஞ்சு இரண்டும் தோல் ஒட்டின பழங்கள், குறுக்கே வெட்டி, கூம்பு வைத்த கைப்பிழியில் வைத்துத் திருகினால் சாறு கொட்டும். நாக்பூர் ஆரஞ்சும் கமலா ஆரஞ்சும் தோல் தளர்ந்தவை, கைப்பிழியில் வைத்தால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு பழம் சப்பையாகிவிடும். அதற்குச் சுளையை உரித்து, ஒரு பக்கம் கீறி விதையைத் தள்ளிவிட்டு, டீ வடிகட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வடிகட்டியில் போட்டுக் கரண்டி முதுகால் அழுத்துங்கள். இரண்டு பேருக்கு வேண்டிய சாறு 5 நிமிஷத்தில் வந்துவிடும். சாத்துக்குடியில் புளிப்பு குறைவு, அதோடு கேரட் சேர்ந்தால் சப்பென்று இருக்கும், அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் தூக்கிக்கொடுக்கும். ஆரஞ்சு கிடைக்காத மாதங்களில் நான் இப்படித்தான் செய்கிறேன். நாக்பூர் ஆரஞ்சு கார்த்திகை வாக்கில் இருந்து பங்குனி வரைக்கும் நன்றாக வரும், அதற்கப்புறம் வருவது விலையும் ஏறிச் சாறும் வற்றின பழம். அப்போதெல்லாம் ஆந்திராவிலிருந்து, அனந்தப்பூர் பக்கத்திலிருந்து வருகிற சாத்துக்குடிதான் கைகொடுக்கும்.

ஆரஞ்சும் கேரட்டும் கலந்த பிறகு வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி மூன்று டம்ளர் கொடுத்தோம். மூன்றிலும் கையால் பிழிந்த ஆரஞ்சுதான், கேரட் மட்டும் வேறு வேறு மெஷினில் எடுத்தது. மூன்றாவதைக் குடித்துவிட்டு, "இதுதான் கோல்ட் பிரஸ், திக்கா இருக்கு பாருங்க" என்றார். அது அம்மாவின் மிக்சி. துணியில் பிழியும்போது மெல்லிய சக்கை கொஞ்சம் சேர்ந்து இறங்கிவிடும், அந்தக் கெட்டிதான் அவருக்குத் தரமாகத் தெரிந்திருக்கிறது. அக்கா சிரித்ததில் அவருக்குக் கோபம், ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டார்.

இப்போது கழுவுவது. என்னைக் கேட்டால் இந்த முடிவே இங்கேதான் இருக்கிறது. வேக ஜூஸரில் கழுவ வேண்டியது ஐந்து பாகம், அதில் அந்த வட்ட வலை ஒன்று போதும் ஒரு ஆளின் வாழ்க்கையை வெறுக்க வைக்க, ஒவ்வொரு கண்ணிலும் கேரட் நார் உட்கார்ந்துகொள்ளும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் தேய்க்க வேண்டும். எனக்கு 9 நிமிஷம் ஆனது. அக்காவின் மெஷின் ஏன் பரணுக்குப் போனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கோல்ட் பிரஸ்ஸிலும் வலை உண்டு, ஆனால் உடனே கழுவினால் ஓடுகிற தண்ணீரில் 6, 7 நிமிஷத்தில் முடிந்துவிடும். உடனே என்பதுதான் விஷயம். போன் வந்தது, யாரோ வந்தார்கள் என்று அரை மணி நேரம் விட்டுவிட்டால் நார் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு ஊற வைத்துத்தான் எடுக்க முடியும். மிக்சி ஜாரும் துணியும் 4 நிமிஷம், அதிலும் ஜாரில் தண்ணீர் விட்டு ஒரு சுற்று சுற்றினால் பாதி வேலை அதுவே பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை வருகிற தெருவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஒரு டம்ளர் ஜூஸுக்கு அரைக் குடம் தண்ணீர் செலவழித்தால் மாமியார் பார்க்கிற பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாத்தனாரின் வெள்ளை மெஷின் வாங்கின ஒரு மாதத்திலேயே மஞ்சளாகிவிட்டதாம், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை. கேரட் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அம்மா ஒரு பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தார், பஞ்சு ஆரஞ்சு நிறமாக வந்தது, மெஷின் வெள்ளையானது. "அண்ணி, ஆறு மாசமா இது தெரியாம போச்சே" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். வேட்டித் துணிக்கு மட்டும் எதுவும் செய்ய முடியாது, அது ஆரஞ்சு வேட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

காசுக் கணக்கு. நான் வாங்கின அன்றைக்குக் கேரட் கிலோ 50, ஆரஞ்சு கிலோ 100. கோல்ட் பிரஸ்ஸுக்கும் மிக்சிக்கும் வித்தியாசம் அரை கிலோவுக்கு 50 மில்லி சாறு, அதாவது ஏறக்குறைய 100 கிராம் கேரட், 5 ரூபாய். ஒரு தடவைக்கு 5 ரூபாய் மிச்சம் என்றால் 9,000 ரூபாய் திரும்பி வருவதற்கு 1,800 தடவை ஜூஸ் போட வேண்டும், வாரத்துக்கு இரண்டு தடவை போட்டால் 17 வருஷம். இதை வீட்டுக்காரரிடம் பேப்பரில் எழுதிக் காட்டினேன். அவர் விடவில்லை, கடையில் குடிப்பதோடு ஒப்பிடு என்றார். சரி, அதுவும் நியாயம்தான். வீட்டில் 250 மில்லி டம்ளர் ஒன்றுக்குப் பழமும் கேரட்டும் சேர்ந்து 35 ரூபாய் பக்கம் ஆகிறது, கடையில் 50, மிச்சம் 15. அப்படிப் பார்த்தால் 600 டம்ளரில் மெஷின் காசு வந்துவிடும். ஆனால் அந்த 15 ரூபாய் மிக்சியில் போட்டாலும்தானே மிச்சமாகிறது? அங்கே அவர் பேச்சை மாற்றிவிட்டார். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், 750 வாட்ஸ் மிக்சி 3 நிமிஷம் ஓடினாலும், 200 வாட்ஸ் கோல்ட் பிரஸ் 10 நிமிஷம் ஓடினாலும் 0.04 யூனிட்டைத் தாண்டாது.

கடை ஜூஸில் என்ன பிரச்சினை என்றால் சர்க்கரையும் ஐஸும். சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னால் போடாமல் தருவார்கள், நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை ஆசைக்குக் குடிப்பவர்களுக்கு அதுவே போதும், இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் அவர்களுக்குத் தேவையில்லை. டப்பாவில் வருவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடர்த்தியாக்கின சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதை 100 சதவீதப் பழச்சாறு என்று டப்பாவில் எழுதக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் சொல்லிவிட்டது.

ரிப்பேர் என்று ஒன்று இருக்கிறது, வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. நாத்தனார் மெஷினில் உள்ளே இருக்கிற வலைக்கூடு விரிசல் விட்டுவிட்டது, பெரிய கேரட் துண்டு ஒன்றைத் திணித்ததுதான் காரணம். அந்த ஒரு பாகத்துக்காகக் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டு, பணம் கட்டி, வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதுவரைக்கும் மெஷின் ஷோகேஸில் அழகாக இருந்தது. ஓசூரிலேயே இந்தப் பாடு என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். மிக்சிக்கு அந்தக் கவலை கிடையாது. கப்ளர், ஜார் புஷ், வாஷர், பிளேடு எது போனாலும் தருமபுரியில் எந்தத் தெருவிலும் ஒரு மிக்சி ரிப்பேர் கடை இருக்கும், சாயங்காலத்துக்குள் சரிசெய்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

சத்து விஷயத்தில் மெஷின் விற்கிறவர்கள் சொல்வதில் பாதியை விட்டுத்தள்ளலாம். வேகமாகச் சுற்றினால் சூடாகிச் சத்தெல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். நான் வேக ஜூஸரிலிருந்து வந்த சாற்றில் விரலை விட்டுப் பார்த்தேன், தண்ணீர்க் குழாயில் வருவது எப்படியோ அப்படித்தான் இருந்தது. கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் அவ்வளவு சுலபமாகப் போகிற சத்தும் அல்ல, வேக வைத்த கேரட்டில் அது உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். காற்றும் நேரமும் பட்டால் குறைகிறது ஆரஞ்சில் இருக்கிற வைட்டமின் சி, அதற்கு மருந்து, ஜூஸைப் போட்ட உடனே குடிப்பதுதான், 9,000 ரூபாய் மெஷின் இல்லை. முந்தின நாளே போட்டு ஃபிரிட்ஜில் பாட்டிலில் வைத்துக் காலையில் எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் கோல்ட் பிரஸ்ஸில் ஒரு லாபம் உண்டு, நுரையும் காற்றும் குறைவாகக் கலப்பதால் சாறு சீக்கிரம் பிரியாது. பீட்டா கரோட்டினுக்குக் கொழுப்பு வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. அதற்கென்று தனியாக எதையும் கலக்க வேண்டாம், இட்லிப்பொடியில் ஊற்றுகிற நல்லெண்ணெய் இருக்கிறதே, அதுவே போதும், ஜூஸை வெறும் வயிற்றில் குடிக்காமல் டிபனோடு குடியுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மூன்று மெஷினும் ஒன்றுதான். சாறு எடுத்தால் நார் போய்விடுகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது. பாதிக்குப் பாதி கலந்த 250 மில்லி டம்ளரில் சர்க்கரை போடாமலேயே 15 கிராம் போலச் சர்க்கரை இருக்கும், மூன்று நான்கு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் ஜூஸைவிடப் பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது. என் மாமியாருக்குச் சுகர் இருக்கிறது, அவருக்கு நாங்கள் ஜூஸே கொடுப்பதில்லை, நாலு சுளை ஆரஞ்சும் ஒரு துண்டு கேரட்டும் தட்டில் வைத்துவிடுவோம், அதுவும் அவருடைய டாக்டர் சொன்ன அளவுக்குள். தினமும் கேரட் ஜூஸ் குடித்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகும். நாத்தனார் பையனுக்கு அப்படி ஆகி, காமாலை என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காமாலையில் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், கேரட்டால் வருவதில் கண் வெள்ளையாகவே இருக்கும். ஜூஸை நிறுத்தினதும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது. ஆனாலும் சந்தேகம் என்றால் டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் நல்லது.

சக்கையில் மிக்சிதான் ஜெயித்தது என்று சொல்வேன். கோல்ட் பிரஸ் சக்கையில் ஈரமே இல்லை, பொரியலுக்குப் போட்டால் தொண்டையில் சிக்கும். துணியில் பிழிந்த சக்கையில் இன்னும் கொஞ்சம் ருசி மிச்சம் இருக்கும், அம்மா அதைக் கேழ்வரகு மாவில் போட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், முருங்கைக்கீரை சேர்த்துப் பிசைந்து அடை தட்டிவிட்டார். அன்றைக்கு வந்த பிள்ளைகள் ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டு அடைக்குச் சண்டை போட்டன.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், 120 ரூபாய்க்குக் கண்ணாடியில் ஒரு கைப்பிழி வாங்கினோம், மிக்சிக்குப் புதிதாக ஒரு ஜார் வாங்கினோம், வேட்டித் துணியை அம்மா கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் அளவு இதுதான்: கேரட் நடுத்தரமாக மூன்று, ஆரஞ்சு இரண்டு, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, கல் உப்பு இரண்டு கல். ஆரஞ்சைப் பிழிந்து அந்தச் சாற்றிலேயே கேரட்டையும் இஞ்சியையும் அரைத்து வடிகட்டினால் இரண்டு சின்ன டம்ளர் வரும். நறுக்குவதிலிருந்து கழுவிக் கவிழ்ப்பது வரைக்கும் 15 நிமிஷம். வாரத்துக்கு இரண்டு நாள், புதன், ஞாயிறு.

இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கு: வீட்டில் நாலைந்து பேர், தினமும் போடுவது உறுதி, கழுவுகிற ஆளும் உறுதி என்றால் கோல்ட் பிரஸ் வாங்குங்கள், தைரியமாக வாங்குங்கள், நல்ல மெஷின்தான், ஆனால் உள்ளே இருக்கிற வலைக்கூடு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ஆரஞ்சை விதை எடுக்காமல் அதில் போடாதீர்கள். வேக ஜூஸரை யாருக்கும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்கா அதைத் திரும்பவும் பரணில் ஏற்றிவிட்டார், ஏற்றும்போது என்னைப் பார்த்து, "உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போடி" என்றார். நான் காதில் விழாத மாதிரி அடை எடுக்கப் போய்விட்டேன்.